கால் படாத இடம்

ராஜசேகரனுக்குத் தேங்காய் விற்பது பெரிய சோதனை. தட்டிப் பார்ப்பார், குலுக்கிப் பார்ப்பார், மூன்று கண்ணையும் வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பார், கடைசியில் “இதுல ஏதோ இருக்கு” என்று கூடையிலேயே போட்டுவிட்டுப் போவார். அவர் தலை தெரிந்தாலே வேலப்பன்சாவடிக் கடைக்காரர் கூடையை உள்ளே இழுத்துவிடுகிறார் என்று பத்மா சொல்வாள். பத்மா அவருடைய மனைவி. மிகைப்படுத்திப் பேசுகிறவள் இல்லை.

மனிதரைச் சொல்லியும் குற்றமில்லை, சம்பாதித்ததே அப்படித்தான். குடியாத்தத்திலிருந்து வந்து ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சேர்ந்தவர், வேலைக்காலம் முழுக்கத் தரப் பரிசோதனைப் பிரிவிலேயே இருந்தார். மேஜைக்கு வருகிற உதிரிபாகம் எதுவானாலும் அதற்குள் ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது என்று நம்பித்தான் கையில் எடுக்க வேண்டும். தப்பு அகப்பட்டால் சிவப்பு நாடா கட்டி ஓரமாக வைக்க வேண்டும். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, வேனில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் அந்தக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தேகம் இல்லாமல் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், வேலைக்குப் போகிற வழியில் பெரிய அதிகாரி ஒருவரின் பங்களா இருந்தது. அதன் முன்னால் பச்சைப் பசேலென்று புல்தரை. ‘புல்லின் மேல் கால் வைக்காதீர்’ என்று வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. மகள் ஷர்மிளா சின்னவளாக இருந்தபோது ஒருநாள் பந்தை எடுக்க உள்ளே ஓடிவிட்டாள். காவலாளி அதட்டிய அதட்டலில் பந்தை அங்கேயே விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தாள். ராஜசேகரன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என்றைக்காவது சொந்தமாக ஒரு புல்தரை போடுவது என்று அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

ஓய்வு பெற்றதும் நூம்பலில் துலுக்கானத்திடம் மனை வாங்கி வீடு கட்டினார். துலுக்கானம் தலைமுறையாக அந்த ஊர்க்காரர். நெல் விளைந்த நிலத்தையெல்லாம் மனை மனையாக விற்றுவிட்டு, மிச்சமிருந்த துண்டில் இரண்டு மாடுகளோடு பக்கத்து வீட்டிலேயே இருந்தார். ராஜசேகரன் வீட்டுக்கு வர்ணம் பூசுவதற்கு முன்பே வாசலில் கொரியன் கிராஸ் பதித்தார். பூந்தமல்லி ரோட்டு நர்சரியிலிருந்து சதுரம் சதுரமாக வந்த புல்லை ஒவ்வொன்றாகத் திருப்பி வேரைப் பார்த்துத்தான் இறக்கவிட்டார். பிறகு பலகை வந்தது. அதே வெள்ளை, அதே கறுப்பு, அதே வாசகம்.

வாசகம் எல்லோருக்கும் பொருந்தும். பால்காரர் சுற்றிப் போவார். பத்மா துணி காயப்போடச் சுற்றிப் போவாள். தீபாவளிக்கு வந்த மருமகன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விளிம்போரமாக நடந்தார். ராஜசேகரனே களை எடுக்கும்போது ஒரு மணைப்பலகை போட்டு அதன்மேல்தான் குந்துவார். சொந்தப் புல்லில் ஒரு நாளும் அவர் கால் பட்டதில்லை.

அந்த வீட்டில் வாசகம் படிக்கத் தெரியாதது சிட்டு மட்டும்தான். துலுக்கானத்தின் மாட்டுக் கொட்டகையில் பிறந்த செவலை நாட்டு நாய். குட்டியாக இருந்தபோதே வேலியைத் தாண்டி வந்து பத்மாவின் காலடியில் படுத்துக்கொண்டது. குவார்ட்டர்ஸில் சன்னலைத் திறந்தால் நாலு வீட்டுப் பேச்சு கேட்கும். நூம்பலில் சன்னலைத் திறந்தால் காலி மனைதான் தெரியும். கணவரோ பேசினால் குறைதான் சொல்வார். அதனால் பத்மா சிட்டுவிடம் பேசினாள். என்ன குழம்பு வைக்கலாம் என்பதிலிருந்து ஷர்மிளா ஏன் போன் பண்ணவில்லை என்பதுவரை எல்லாம் அதற்குத் தெரியும். சிட்டு இல்லாமல் அவளுக்கு அந்த வீட்டில் ஒரு பொழுது போகாது.

முதலில் புல்லைக் கெடுத்தது சிட்டுதான், அதில் பொய் இல்லை. ரொட்டி அளவில் அங்கங்கே வட்டமாகக் காய்ந்தது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் கரும்பச்சையாக ஒரு வளையம். ராஜசேகரன் மண்டியிட்டுப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். பூந்தமல்லியில் கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டார்.

“பொட்டை நாய் சார், குந்தி ஒரே இடத்துல மொத்தமா விட்டுடும். அதுல இருக்கிற உரம் நடுவுல ஜாஸ்தியாகிப் புல்லை எரிச்சிடுது, ஓரத்துல கொஞ்சமாப் படறதால அங்க செழிப்பா வளருது. உடனே ஒரு மக்கு தண்ணி ஊத்துங்க, நீர்த்துப் போயிடும். ஓரமா மணல் கொட்டி அங்க பழக்குங்க. குடிக்க நிறைய தண்ணி வைங்க. வேற மருந்து மாயம் ஒண்ணும் கொடுக்காதீங்க.”

பழக்கியது பத்மா. விடிந்ததும் கயிறு கட்டி முருங்கை மரத்தடி மணலுக்குக் கூட்டிப் போவாள், காரியம் ஆனதும் ஒரு பிஸ்கட் கொடுப்பாள். மறந்துபோய்ப் புல்லில் குந்திவிட்டால் மக்கோடு ஓடுவாள். நாட்டு நாய்க்கு மூளை கொஞ்சமா? சீக்கிரமே கயிறு இல்லாமல் தானே மணலுக்குப் போய்விட்டு, பிஸ்கட்டுக்கு வந்து நின்றது. பழைய வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சை பிடித்தன.

ராஜசேகரன் நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்த நேரம் பார்த்துப் புதிதாகக் காய ஆரம்பித்தது.

இந்தக் காய்ச்சல் வேறு மாதிரி இருந்தது. விளிம்போரமாக, தள்ளித் தள்ளி, திட்டுத் திட்டாக. கரும்பச்சை வளையம் இல்லை. தண்ணீர் ஊற்றினாலும் தேறவில்லை. வளையம் இல்லாததை ராஜசேகரன் பார்க்காமல் இல்லை, அவர் கண்ணுக்கு எது தப்பும்? ஆனால் பார்த்ததிலிருந்து அவர் எடுத்த முடிவு, எவனோ வளையம் வராமல் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டான் என்பது.

தெரு நாய்கள்மேல் முதல் சந்தேகம் விழுந்தது. தெருவில் எல்லோரும் செய்வதுபோல, காலி பாட்டில்களில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை நிரப்பி காம்பவுண்டு ஓரமாக வரிசையாக வைத்தார். நீலத்தைக் கண்டால் நாய் அண்டாது என்பது ஊரெல்லாம் நம்புகிற சங்கதி. மறுநாள் காலையில் ஒரு கறுப்பு நாய் நிதானமாக வந்து, முதல் பாட்டிலை மோந்து பார்த்து, அதன்மேலேயே காலைத் தூக்கியது.

“இன்னா சார், அதுக்கு கக்கூஸ் கட்டி குடுத்துக்கீறியா?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த துலுக்கானம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்தச் சிரிப்பை ராஜசேகரன் மனசில் குறித்துவைத்துக்கொண்டார்.

பாட்டில் பலிக்கவில்லை, ஆனால் தெரு நாய் எதுவும் காம்பவுண்டைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை என்றதும் பழி திரும்ப சிட்டுவின் தலையில் விழுந்தது. மணலுக்குப் போவதெல்லாம் பிஸ்கட்டுக்கான நாடகம், யாரும் பார்க்காதபோது புல்லில் வேலையைக் காட்டுகிறது என்றார். சன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிட்டு அவரைப் பார்த்து வாலைக் குழைத்தது. “பார், திருட்டு முழி” என்றார். சிட்டு படுத்துத் தூங்கியது. “நடிக்குது” என்றார்.

காய்ந்த திட்டு ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சி நட்டு, சிவப்பு நாடா கட்டினார். புல்தரை முழுக்கச் சிவப்பு ஆடியது. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துத் தெருவில் போன ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

“இதை மாங்காட்டுக்கு அனுப்பிடலாம்,” என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. “துலுக்கானம் தங்கச்சி கன்னியம்மா வீட்டுல இடம் இருக்காம்.”

பத்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “என்னங்க, அது மணலைத் தவிர வேற இடத்துல போறதே இல்ல. நான் கூடவே இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“உனக்கு அது மேல பாசம். பாசம் இருக்கிறவங்க கண்ணுக்குத் தப்பு தெரியாது.”

“உங்க கண்ணுக்குத் தப்பைத் தவிர வேற என்ன தெரியுது?”

ராஜசேகரன் சொன்னதும் துலுக்கானம் ஆட்டோ பிடித்து சிட்டுவை மாங்காட்டுக்குக் கொண்டுபோனார். வண்டி திரும்பும்வரை அது பின்பக்கமாகத் தலையை நீட்டிப் பத்மாவையே பார்த்துக்கொண்டு போனது. பத்மா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். தேய்க்கப் பாத்திரம் இல்லாதபோதும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ராஜசேகரனுக்கு அது கேட்டது. கேட்டும் எழுந்து போகவில்லை.

அடுத்த வாரம் புல்லில் புதிதாக ஒரு திட்டு.

நாயும் இல்லை, பாட்டிலும் இல்லை, திட்டு மட்டும் இருக்கிறது. ராஜசேகரனுக்குத் தூக்கம் போயிற்று. இனி மிச்சம் ஒரு ஆள்தான். நிலத்தை விற்றவனுக்கு அந்த நிலத்தில் இன்னொருத்தன் பங்களா மாதிரி புல் வளர்த்தால் வயிறு எரியாதா? அன்றைக்கு அந்தச் சிரிப்பு சிரித்தானே. நாயை அனுப்பச் சொன்னதும் ஏன் அவ்வளவு சுறுசுறுப்பாக ஆட்டோ பிடித்தான்? ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தபோது கச்சிதமாகப் பொருந்தியது. வேலிக்குப் போய்க் குரல் கொடுத்தார்.

“துலுக்கானம், நேராவே கேட்கிறேன். என் புல்லுல என்ன ஊத்துறே?”

துலுக்கானம் கழுவிக்கொண்டிருந்த மாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். ராஜசேகரனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“நானா? இன்னாத்துக்கு சார் ஊத்தப் போறேன்?”

“உன் நிலம்தானே. மனசு கேட்காம இருக்கும்.”

“என் நெலந்தான். அதுல எதுனா பச்சையா நின்னா எனுக்கு சந்தோசமா இருக்குமா, வயிறு எரியுமா? நீ புல்லு வச்சப்போ, பரவால்ல, கட்டடமா கட்டித் தள்ளாம இந்தாளு கொஞ்சம் பச்சைய உட்டுக்கீறாருன்னு எங்க ஊட்ல சொல்லிகினு இருந்தேன்.” துலுக்கானம் மாட்டுப் பக்கம் திரும்பினார். “போ சார். இனிமே இந்த வேலிகிட்ட வந்து என்னைக் கூப்டாத.”

மனசில் ஏதோ உறுத்தியது. ஆனால் குற்றம் செய்தவனும் இப்படித்தானே பேசுவான் என்று ராஜசேகரன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோது பழைய தொழில்புத்தி ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. புதுத் திட்டு தெரிவதெல்லாம் வாரத் தொடக்கத்தில். அப்படியானால் காரியம் நடப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று எந்நேரமும் வாசலில்தான் இருக்கிறார், ஒரு சிறு பொழுதைத் தவிர. விளக்கு வைக்கிற நேரத்தில் பத்மா அவருக்குத் திருஷ்டி சுற்றுவாள். அது முடிந்ததும் அவர் உள்ளே போய்விடுவார். எவனோ அந்த இடைவெளியைத் தெரிந்துவைத்திருக்கிறான்.

திருஷ்டி சுற்றுவது புதுமனை புகுவிழாவிலிருந்தே நடக்கிறது. அன்று வந்த தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரும் புல்லைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். மறுநாளே ராஜசேகரனுக்குக் காய்ச்சல் கண்டது. அதிலிருந்து ஞாயிறுதோறும் அவரைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, கல் உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு எல்லாவற்றையும் கைப்பிடியில் அடக்கி, “ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு” என்று முணுமுணுத்துக்கொண்டு பத்மா சுற்றுவாள். மூன்று முறை துப்பச் சொல்வாள். அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. உலகத்தில் எதையும் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிற மனிதர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்னபடி கேட்டுவந்தார்.

அந்த ஞாயிறு உட்கார்ந்தார், துப்பினார், கால் கழுவினார், உள்ளே போனார். போனவர் நாற்காலியில் உட்காராமல் சன்னல் திரையை ஒரு விரலால் விலக்கினார். துலுக்கானத்தின் தலை வேலிக்கு மேல் எழும் என்று காத்திருந்தார்.

வந்தது பத்மா. மிளகாயும் கடுகும் வாசல் ஓரத் தணலில் வெடித்துக்கொண்டிருந்தன. ஒரு கையில் மக்கு. உப்பைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, புல்தரை விளிம்பில் நின்று, கால் உள்ளே படாமல் உடம்பை மட்டும் சாய்த்து, நாடா கட்டாத இடமாகப் பார்த்து மெதுவாக ஊற்றினாள்.

ராஜசேகரன் வெளியே வந்தார். சிட்டுவை அனுப்பிய கோபத்தில் இவளே பழிவாங்குகிறாள் என்றுதான் அந்தக் கணத்தில்கூட அவருக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட மனசு.

“என்ன ஊத்துறே?”

“ஐயோ, நீங்க ஏங்க வந்தீங்க? பார்க்கக் கூடாது.”

“என்ன ஊத்துறேன்னு கேட்டேன்.”

“திருஷ்டி உப்பு. கரைச்சு, யார் காலும் படாத இடத்துல ஊத்தணும். மிதிச்சா அவங்களைப் பிடிச்சுக்கும்.” அவள் பலகையைக் காட்டினாள். “நம்ம வீட்டுல கால் படாத இடம் இது ஒண்ணுதான்.”

“எப்பவும் இங்கதானா?”

“கொஞ்ச நாளாத்தான். முன்னெல்லாம் எதிர்ல காலி மனையில ஊத்துவேன். அங்க கட்டடம் வேலை ஆரம்பிச்சு ஆள் நடமாட்டம் ஆயிடுச்சே. ஒரே இடத்துல ஊத்தக் கூடாதுன்னு தள்ளித் தள்ளி ஊத்துறேன். நீங்க வர வர எல்லார்மேலயும் எரிஞ்சு விழுறீங்க, தூங்க மாட்டேங்கிறீங்க. யார் கண்ணோ பலமா பட்டிருக்குன்னு உப்பையும் ரெண்டு பங்கு ஆக்கிட்டேன்.”

ராஜசேகரன் ஈர்க்குச்சிகளைப் பார்த்தார். எல்லாம் விளிம்போரம், கை எட்டுகிற தூரம். புல் காயக் காய அவர் கத்தியிருக்கிறார். அவர் கத்தக் கத்த இவள் உப்பைக் கூட்டியிருக்கிறாள். குற்றவாளி வாராவாரம் அவர் தலையைத்தான் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

“உப்பு பட்டா புல்லு சாகும், பத்மா.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மக்கைக் கையில் வைத்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப சிட்டு?” என்றாள். “நான் பண்ணினதுக்கா அதை அனுப்பினோம்?”

“நீ பண்ணல,” என்றார் ராஜசேகரன். “காலையும் வைக்கக் கூடாதுன்னு பலகை நட்டது நான். அனுப்பினதும் நான்.”

வேலைக்காலம் முழுக்க அவர் சிவப்பு நாடா கட்டாமல் விட்டது தனக்கு மட்டும்தான் என்று அவருக்கு அப்போது பட்டது. வெட்கமாக இருந்தது.

விடிந்ததும் முதலில் வேலிக்குத்தான் போனார். துலுக்கானம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டைத் தேய்த்தார்.

“உப்பு,” என்றார் ராஜசேகரன். “பத்மா ஊத்தின திருஷ்டி உப்பு. நான் உன்னைக் கேட்டது தப்பு, துலுக்கானம்.”

துலுக்கானம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கொஞ்சம் கழித்து, “கன்னியம்மா வெள்ளனே பூ கட்டப் பூடும். இப்பவே போனாத்தான் ஊட்ல இருக்கும்,” என்றார்.

மாங்காட்டில் சிட்டு பத்மாவைக் கண்டதும் ஊளையிட்டுக்கொண்டு மேலே விழுந்தது. ராஜசேகரனைக் கண்டதும் கன்னியம்மாளின் சேலைக்குப் பின்னால் போய் நின்றது.

“வந்ததுலேர்ந்து சரியா துன்றதே இல்ல சார்,” என்றாள் கன்னியம்மாள். “எங்க ஊட்ல எங்கியும் ஒண்ணுக்குக்கூட போவாது. மணலு கொட்டி வச்சிக்கீற எதுர் ஊட்டுக்குப் போயி அதுல தான் குந்துது.”

ராஜசேகரன் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினார். சிட்டு வந்தது. உள்ளங்கை, புறங்கை, சட்டை விளிம்பு, செருப்பு என்று ஒன்று விடாமல் மோந்தது. அவர் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அது தலையைத் திருப்பிக்கொண்டு பத்மாவிடமே போய்விட்டது. அதன் பரிசோதனையில் தான் தேறவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

நூம்பல் வீட்டில் கேட்டைத் திறந்ததும் சிட்டு புல் விளிம்பில் நின்று அவர் முகத்தைப் பார்த்தது. அவர் நேரே போய்ப் பலகையைப் பிடுங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லின் நடுவில் போய் நின்றார். காலுக்குக் கீழே குளுகுளுவென்று இருந்தது. இத்தனை காலம் இது இப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

“வா,” என்றார். சிட்டு வர வெகு நேரம் ஆனது. வந்ததும் அவர் எதிரிலேயே, சிவப்பு நாடா ஒன்றின் பக்கத்தில், குந்தியது. ராஜசேகரன் மக்கை எடுக்க ஓடினார்.

அடுத்த ஞாயிறு பத்மா கைப்பிடியில் உப்பை அள்ளினாள். கரைத்துக் கொட்ட வாய்க்கால் இருக்கிறது என்று முன்பே முடிவாகியிருந்தது. ராஜசேகரன் வழக்கம்போலக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார்.

“நீங்க எழுந்திருங்க,” என்றாள் பத்மா. “இன்னிக்கு உங்களுக்கு இல்ல.”

சிட்டுவை அந்த இடத்தில் உட்காரவைத்துச் சுற்ற ஆரம்பித்தாள். “ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நரிக்கண்ணு,” என்று வந்தவள் ஒரு கணம் நிறுத்தி, கணவரை நிமிர்ந்து பார்த்து, “இவர் கண்ணு” என்று சேர்த்தாள்.

ராஜசேகரன் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.